மேல்நோக்கிப் பாயும் நீல மின்னல்

கேள்வி: சித்திரை மாத இடிமழையில் இரணைமடுக் குளக்கட்டில் நின்றபோது மின்னல் நீலமாகத் தெரிந்தது. 'நீலத்தாரை' என்பது இதுதானா? படம் எடுக்கலாமா?
- வாசகர், கிளிநொச்சி

பதில்: பெரும்பாலும் அது சாதாரண மின்னல்தான். அதன் தடம் ஏறக்குறைய 30,000 கெல்வின் வரை சூடேறுவதால் நீலம் கலந்த வெள்ளையாகத் தெரியும். நீலத்தாரை வேறு. முகிலின் உச்சியில் புறப்பட்டு, கூம்பாக விரிந்து, 40-50 கிலோமீற்றர் உயரம்வரை போகும். நைதரசன் மூலக்கூறுகள்தான் அந்த நிறத்தைத் தருகின்றன. தலைக்கு மேல் இடி முழங்கும்போது முகிலே அதை மறைத்துவிடும்.

ஆகவே தூரத்து இடிமுகில் வேண்டும். வன்னியின் தட்டை நிலம் இதற்கு வாய்ப்பு. தெற்கே மலைநாட்டுப் பக்கம், 200 கிலோமீற்றரில் முகில் நின்றால், தாரையின் நுனி அடிவானிலிருந்து சுமார் 10-13 பாகை, அதாவது நீட்டிய கையில் மூடிய முட்டியின் உயரம் அல்லது சற்று மேல். இடிமுகிலுக்கு மிக மேலே கணநேரம் தோன்றும் சிவப்பு மின்னொளியான 'ஸ்ப்ரைட்' இன்னும் மேலே, 18 பாகையளவில். தூரத்துக் காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால் சிவப்பே எளிதில் அகப்படும்.

கமெராவை முக்காலியில் பூட்டுங்கள். லென்ஸ் துளை எஃப் 2 அல்லது 2.8, ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ. 3200, ஒவ்வொரு படத்துக்கும் 2 செக்கன் திறப்பு, தொடர்ச்சியாக. குவியத்தைக் கையால் ஒரு நட்சத்திரத்தில் நிறுத்துங்கள். தானியங்கிக் குவியம் இருளில் தடுமாறும். 20, 30 செக்கன் திறந்து வைத்தால், சில மில்லி செக்கனே வாழும் ஸ்ப்ரைட் வானொளியில் கரைந்துவிடும். லென்ஸில் பனி படியும், துணி வைத்திருங்கள். இடிச்சத்தம் கேட்டால் உடனே கட்டைவிட்டு இறங்கி வீட்டுக்குள் போங்கள். வெட்டவெளிக் குளக்கட்டில் உயர்ந்து நிற்பது நீங்களும் முக்காலியும்தான்.