எண்ணெய் வழியும் முகத்துக்கு "நல்ல பற்றீரியா" கிறீம் வேண்டுமா?

கேள்வி: வயது 24, சுன்னாகம். முகத்தில் எண்ணெய் வழிகிறது; எதைப் பூசினாலும் எரிந்து சிவக்கிறது. நாளுக்கு ஐந்து தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறேன். தோலின் நல்ல பற்றீரியாவைக் கூட்டுமென்று முகநூலில் ஒரு கிறீம் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அந்த ஐந்தை இரண்டாக்குங்கள்.

எண்ணெய் எவ்வளவு சுரக்கும் என்பது ஓமோனின் வேலை. கழுவிக் குறைக்க முடியாது. சில மணித்தியாலத்தில் திரும்ப வந்துவிடும். கழுவிக் கழுவிக் கெடுவது வேறொன்று. ஆரோக்கியமான தோலின் பிஎச் (புளிப்பா காரமா என்று காட்டும் அளவு; 7க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 5ஐ ஒட்டி, இலேசான புளிப்பாக இருக்கும். தோலோடு ஒத்துவாழும் நுண்ணுயிர்களுக்கு அந்தப் புளிப்பு வேண்டும். கட்டிச் சவர்க்காரமோ 9, 10. போதாததற்கு எங்கள் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரில் நுரை எழும்பாது, பிசுக்கு முகத்திலேயே படியும். மேற்படை பழுதான தோலில் நல்ல கிறீமும் எரியும்.

சவர்க்காரமில்லாத, வாசனையில்லாத, பிஎச் 5.5 என்று போட்ட திரவத்தால் காலையும் இரவும் அரை நிமிடம் விரலால் கழுவி, ஒற்றித் துடையுங்கள். ஈரம் காயமுன் எண்ணெயில்லாத ஜெல் மொயிஸ்சரைசர் ஒரு கடலையளவு. நான்கு கிழமைக்கு வேறெதுவும் வேண்டாம். தேசிக்காய்ப் புளியை விட்டுவிடுங்கள்: அதன் பிஎச் ஏறக்குறைய 2, பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளித்துக் கறுக்கும்.

முகநூல் கிறீமுக்கு வருவோம். கெடாமலிருக்க மருந்து சேர்த்த டப்பாவுக்குள் உயிருள்ள பற்றீரியா எத்தனை நாள் தாங்கும்? அதைவிட மோசம், லேபலில்லாத சின்ன டப்பாவில் வரும் "மிக்ஸ் கிறீம்". ஒரு கிழமையில் முகம் பளிச்சென்றால் சந்தேகப்படுங்கள். குளோபெட்டசோல், பெற்றாமெதசோன் போன்ற ஸ்டெரோயிட் (அழற்சியை அடக்கும் கடும் மருந்து) கலந்திருக்கலாம், பாதரசமும் இருக்கலாம். நிறுத்தியதும் முகம் கொதித்துச் சிவந்து, பருவாக வெடிக்கும். பல வாரம் பூசியவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டப்பாவோடு தோல் கிளினிக்குக்குப் போங்கள். இந்த ஸ்டெரோயிட்டுகள் மருந்துச்சீட்டில்லாமல் கைமாறுவதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. பிடிபட்டால் அடுத்த மாதம் வேறு பெயரில் அதே டப்பா.

நான்கு கிழமைக்கு வேறெதுவும் வேண்டாம் என்றேனே, அதற்கு ஒரு விதிவிலக்கை மட்டும் கவனமாகப் பாருங்கள். நெற்றியிலும் நெஞ்சிலும் ஒரே அளவான சின்னச் சின்னப் பருக்கள், கரும்புள்ளி இல்லை, வியர்த்தால் கடி கூடுகிறது என்றால் அது வழமையான பரு அல்லாமல் இருக்கலாம். தோல் எண்ணெயில் வாழும் மலசீசியா என்ற பங்கசு மயிர்க்கால்களில் பெருகினால் இப்படித்தான் வரும். பாமசியில் கேட்டால் அன்ரிபயோட்டிக் ஜெல்லைத் தூக்கித் தருவார்கள். அது பற்றீரியாவைக் குறைத்து, பங்கசுக்கு இடம் விட்டுக்கொடுக்கும்; பரு கூடும், நீங்கள் இன்னொரு ரியூப் வாங்குவீர்கள். இதற்கு 2% கீற்றோகொனசோல் ஷாம்பூவை நுரைத்து, கண்ணில் படாமல் மூன்று நிமிடம் வைத்துக் கழுவலாம். கிழமைக்கு இரண்டு தரம், நான்கு கிழமை. எரிந்தால் உடனே கழுவிவிடுங்கள். தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றிக்கு இறங்கக்கூடாது, ஹெல்மெட்டின் உட்துணியையும் துவையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் காலையிலேயே போய்க் கிளினிக் நம்பர் எடுங்கள். அந்த வரிசைக்கு என்னிடம் மருந்தில்லை.