மார்கோ போலோவின் நாய்த்தலை மனிதர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

அந்தமான் மக்களுக்கு நாய்த்தலை என்று 13-ஆம் நூற்றாண்டு வெனிஸ் பயணி மார்கோ போலோ எழுதியது ஏன் என்பது கேள்வி. தலை, பல், கண் எல்லாம் பெரிய நாய்க்கு இருப்பதுபோல என்கிறார். பிடிபட்ட அந்நியரைத் தின்பார்கள் என்றும் சேர்க்கிறார். நேரில் கண்டதற்கான விவரம் ஒன்றுகூட அதில் இல்லை.

இந்தக் கதை அவருக்கும் வெகுகாலம் முந்தியது. பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த கிரேக்கர் கிதீசியஸ், இந்தியாவுக்கு வராமலே, இங்குள்ள மலைகளில் நாய்த்தலையர் வாழ்வதாக எழுதினார். ரோமானியரான பிளினி அதை எடுத்தாண்டார். போலோவின் நூலை 1298 வாக்கில் ஜெனோவா சிறையில் அவர் சொல்லக் கேட்டு எழுதியவரோ உடன் சிறையிருந்த ரஸ்டிசெல்லோ, வீரசாகசக் கதைகள் எழுதிப் பழகியவர்.

பின்விளைவுதான் கொடுமை. போலோவின் நூலைப் படித்து ஓரங்களில் குறிப்பெழுதியவர் கொலம்பஸ். 1492 நவம்பரில், கியூபாவில், மொழி புரியாத மக்களிடம் பேசிவிட்டு, நாய்மூஞ்சிக்காரர்கள் மனிதரைத் தின்பதாகக் குறித்துக்கொண்டார். 1503-இல், ‘நரமாமிசம் உண்போர்’ என்று சொல்லப்பட்ட கரீபியத் தீவு மக்களைப் பிடித்து அடிமையாக விற்க ஸ்பெயின் அரசி இசபெல்லா அனுமதி தந்தார்.

அதற்காக போலோவை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடக் கூடாது. மாபார், அதாவது நம் சோழமண்டலக் கரைப் பகுதி பற்றிய அத்தியாயத்தைப் பாருங்கள்: முத்துக்குளிப்பு ஏப்ரல் முதல் மே நடுப்பகுதி வரை, அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, முத்துக்குளிப்பவரைத் தாக்காதபடி பெருமீன்களை மந்திரத்தால் கட்டுபவருக்கு இருபதில் ஒரு பங்கு. மாதமும் பங்குக் கணக்கும் வந்தால், தொழில் தெரிந்தவரிடம் கேட்ட செய்தி என்று ஓரளவு நம்பலாம். உடலை மட்டும் விகாரமாக வருணித்து, ஊர்ப்பெயரோ விலையோ இல்லாமல் போனால், அதே வருணனை பழைய நூல்களில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.