வாசகர் கேள்வி: மரபும் அடுப்படி மேசையும்

கேள்வி: தற்பாலீர்ப்புள்ள கறுப்பினப் பெண்களின் எழுத்தை ஒரு மரபு என்று சொல்ல முடியுமா? எதிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?
– வாசகி ஒருவர், மாட்டுங்கா, மும்பை

பதில்: தாராளமாகச் சொல்லலாம். ஆன் ஆலன் ஷாக்லியின் ‘லவிங் ஹெர்’ நாவல் 1974இலேயே வந்துவிட்டது. தங்கள் எழுத்தைப் பிறர் அச்சிடக் காத்திருக்க விரும்பாத பார்பரா ஸ்மித், ஆட்ரி லார்ட் முதலியோர் 1980இல் சொந்தப் பதிப்பகம் தொடங்கி, பெண்கள் கூடிப் பேசும் அடுப்படியை நினைத்து அதற்குக் ‘கிச்சன் டேபிள்’ என்றே பெயர் வைத்தார்கள்.

தாங்கள் லார்டின் ‘ஸாமி’யில் (1982) தொடங்குங்கள். தன்வரலாறும் தொன்மமும் கலந்த நூல் அது. ‘ஆட்ரி’யின் ஆங்கில எழுத்துகளில் கடைசியான ‘ஒய்’யின் வால் வரிக்குக் கீழே தொங்குவது பிடிக்காமல், சிறுமியாக இருந்தபோதே அதை விட்டுவிட்டதாக அதில் எழுதுகிறார். (கொம்பும் சுழியுமாக எழுதும் நமக்கு இது வேடிக்கைதான்.) நியூயார்க்கில் பிறந்த அவருக்கு, தாய் ‘வீடு’ என்று சொன்னதெல்லாம் தான் பார்த்தறியாத கரீபியத் தீவு; மும்பையில் பிறந்தும் பெற்றோர் ‘ஊர்’ என்றால் திருநெல்வேலி என்று புரிந்துகொண்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் அந்நியமாகப் படா. தோழியராகவும் காதலராகவும் சேர்ந்துழைக்கும் பெண்களைக் குறிக்கும் ‘ஸாமி’ என்ற சொல்லும் அத்தீவினுடையதே.