அரசு ஊழியருக்குக் குழந்தையின்மை சிகிச்சைச் செலவு: எங்கே கிடைக்கும், எங்கே சிக்கும்? – கேள்வி பதில்

சென்னையில் மாநில, மத்திய அரசு வேலையில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் மருத்துவ பில்களையும் காப்பீட்டு க்ளெய்ம்களையும் தொடர்ந்து கையாள்பவர். பெயர்களை எடுத்துவிட்டு, ஊரையும் வேலையையும் மட்டும் வைத்திருக்கிறோம்.

தாம்பரம், அரசுப் பள்ளி ஆசிரியை: மேடம், மாதாமாதம் சம்பளத்தில் என்.எச்.ஐ.எஸ். (மாநில அரசு ஊழியர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்கள். அதில் ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) செய்துகொள்ள முடியுமா? கிளினிக்கில் கேட்டால் "கார்டு இருக்குல்ல, பார்த்துக்கலாம்" என்கிறார்கள்.

"பார்த்துக்கலாம்" என்பதை நம்பி ஊசியை ஆரம்பித்துவிடாதீர்கள். 2021 ஜூலையில் வந்த திட்டத்தில் பிடித்தம் மாதம் 300 ரூபாய், நான்கு ஆண்டுக்குச் சேர்த்து 5 லட்சம் என்று வைத்தார்கள். அந்த 5 லட்சத்தை எந்த வைத்தியத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அரசாணையின் இணைப்பில் சிகிச்சைகளுக்கு ஒரு பட்டியல், மருத்துவமனைகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. உங்கள் சிகிச்சை முதல் பட்டியலிலும், மருத்துவமனை அந்தச் சிகிச்சைப் பிரிவுக்காகவே இரண்டாவது பட்டியலிலும் இருக்க வேண்டும். எலும்புக்கோ இதயத்துக்கோ அனுமதி பெற்ற மருத்துவமனை என்பதால் மகப்பேறு பிரிவுக்கும் செல்லும் என்று அர்த்தமில்லை.

செய்ய வேண்டியது இது. என்ன சிகிச்சை என்பதைக் கிளினிக்கிடம் எழுத்தில் வாங்குங்கள். மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கிலிருந்து டிபிஏவுக்கு (காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்ம்களைப் பார்க்கும் நிறுவனம்) முன் அனுமதி கேட்டு அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள், அந்தக் காகிதம் பின்னால் மேல்முறையீட்டுக்கும், கணவர் வழியில் வேறு காப்பீடு இருந்தால் அதற்கும் உதவும். இன்னொன்று: இது உள்நோயாளி சிகிச்சைக்கான திட்டம். ஸ்கேன், ஹார்மோன் டெஸ்ட், வீட்டிலிருந்தபடி போட்டுக்கொள்ளும் ஊசி எல்லாம் வெளிநோயாளி கணக்கு. ஐவிஎஃப் செலவில் பெரிய பங்கு அங்கேதான் போகிறது.

தனியாருக்குப் போகும் முன் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையைப் பாருங்கள். 2024-இல் அங்கே கருத்தரிப்பு மையம் தொடங்கினார்கள். நேரமும் பொறுமையும் வேண்டும், ஆனால் மாநில அரசு ஊழியருக்கு எந்த பாலிசியையும்விட அதுவே பெரிய மிச்சம்.

அண்ணா நகர், மத்திய அரசு அலுவலகம்: சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு சுகாதாரத் திட்டம்) கார்டு இருக்கிறது. ஐவிஎஃப்-க்கு ரீஇம்பர்ஸ்மென்ட் உண்டு என்கிறார்கள். எவ்வளவு, எப்படி?

உண்டு. மத்திய சுகாதார அமைச்சகம் 2011 நவம்பரில் போட்ட உத்தரவு இதற்கு அடிப்படை. சி.ஜி.எச்.எஸ். கார்டு உள்ளவர்களுக்கும், கார்டு இல்லாமல் சி.எஸ்.(எம்.ஏ.) எனும் மத்திய அரசு ஊழியர் மருத்துவ விதிகளில் வருபவர்களுக்கும் பொருந்தும். ஒரு சைக்கிளுக்கு (ஊசி தொடங்கி எம்ப்ரியோ எனும் கருவை வைப்பது வரையிலான ஒரு சுற்று) அதிகபட்சம் 65,000 ரூபாய் அல்லது உண்மையான செலவு, எது குறைவோ அது. மருந்து, டிஸ்போசபிள், கண்காணிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். மூன்று சைக்கிள் வரை, இந்தச் சலுகை வாழ்நாளில் ஒரே முறை. முழுதாகக் கிடைத்தாலும் மொத்தம் 1,95,000 ரூபாய்தான். சென்னைத் தனியார் மையங்களில் ஒரே சைக்கிள் ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் வரை ஆகிறது. ஆகவே இதை உதவித்தொகையாக நினைத்துத் திட்டமிடுங்கள். தொகை பின்னர் திருத்தப்பட்டிருக்கிறதா என்பதை விண்ணப்பிக்கும் நாளில் சி.ஜி.எச்.எஸ். வெல்னஸ் சென்டரில் (டிஸ்பென்சரியில்) கேட்டுக்கொள்ளுங்கள்.

நிபந்தனைகள்: மனைவியின் வயது 21-லிருந்து 39-க்குள். திருமணமாகி கணவரோடு வாழ்பவராக இருக்க வேண்டும். உயிருடன் குழந்தை இருக்கக்கூடாது. வழக்கமான சிகிச்சை பலிக்கவில்லை என்பதற்குத் தெளிவான ஆதாரம் வேண்டும். அரசு மருத்துவமனையின் மகப்பேறு துறைத் தலைவர் பரிந்துரைக்க வேண்டும். தனியார் மையத்தில் செய்யலாம், அது அரசில் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும்.

பெரும்பாலும் கோப்பு திரும்பி வருவது அந்த 'ஆதாரம்' என்ற இடத்தில். "ஐயுஐ செய்தோம், சரிவரவில்லை" என்று ஒரு வரி போதாது (ஐயுஐ என்பது விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது). எந்தத் தேதியில் எந்த மாத்திரை, ஃபாலிகுலர் ஸ்கேன் (முட்டை வளர்ச்சியைப் பார்ப்பது) ரிப்போர்ட், ஐயுஐ செய்த நாள், அதற்குப் பின் வந்த நெகட்டிவ் ரிசல்ட், கருக்குழாய் எக்ஸ்ரே, கணவரின் விந்தணுப் பரிசோதனை, ஏஎம்ஹெச் (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) என்று தேதி வரிசையில் அடுக்குங்கள். பழைய கிளினிக்கில் ஃபைல் இருந்தால் இப்போதே நகல் வாங்குங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்கு எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்கோ திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைக்கோ இருவரும் சேர்ந்து போங்கள். கணவரின் ரிப்போர்ட் பழையதாக இருந்தால் புதிதாக எடுக்கச் சொல்வார்கள். கடிதத்தில் இருவர் பெயரும் கார்டில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியல் முன்னே பின்னே போனாலே தணிக்கையில் கேள்வி வரும், நம்மூர்ப் பெயர்களுக்கு இது தீராத தலைவலி.

இதற்குமுன் மத்திய அரசிடம் இந்தச் செலவைக் கோரவில்லை, இனியும் கோர மாட்டேன் என்ற உறுதிமொழியும் கேட்பார்கள். எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்து, அனுமதி கையில் வந்த பிறகு சைக்கிளைத் தொடங்குங்கள். பணத்தை நீங்கள் கட்டிவிட்டுத்தான் பிறகு கோர வேண்டும்.

பில்லில் கவனம்: "ஐவிஎஃப் பேக்கேஜ்" என்று ஒரே வரியில் ஒரு தொகை போட்ட ரசீதை ஏற்க மாட்டார்கள். முட்டை எடுத்தல், லேப், மயக்க மருந்து, எம்ப்ரியோ வைத்தல், ஊசிகள் என்று பிரித்து, தேதியும் முத்திரையும் போட்டு வாங்குங்கள். வெளி மருந்துக்கடை பில்லுக்கு மருத்துவரின் சீட்டு வேண்டும்.

வேளச்சேரி: மனைவிக்கு 38 முடியப்போகிறது. அனுமதிக்குக் காத்திருந்தால் வயது தாண்டிவிடுமே?

பிறந்த தேதிச் சான்றோடு இன்றே மனுவைக் கொடுத்து, பெற்றுக்கொண்ட தேதியுடன் நகலில் முத்திரை வாங்குங்கள். மனுவின் முதல் பத்தியிலேயே எந்தத் தேதியில் வரம்பு முடிகிறது என்று எழுதுங்கள். அதே சமயம் மருத்துவரிடமும் பேசுங்கள். ஏஎம்ஹெச் வேகமாகக் குறைகிறவருக்கு 65,000 ரூபாய்க்காக ஆறு மாதம் தள்ளிப்போடுவது லாபமில்லை.

வயதில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. 2021-ஆம் ஆண்டின் உதவிக் கருத்தரிப்புச் சட்டப்படி பெண்ணுக்கு 50 வயது வரை, ஆணுக்கு 55 வரை சிகிச்சை தரலாம். அது கிளினிக்குக்கான வரம்பு. 39 என்பது அரசு பணம் தருவதற்கான வரம்பு.

கே.கே. நகர்: ஒரு சைக்கிளை அனுமதி இல்லாமலே முடித்துவிட்டோம் அக்கா. இப்போது போட்டால் கிடைக்குமா?

முடிந்ததற்குப் பின்னேற்பு அனுமதி கேட்டு மனு கொடுக்கலாம், ஆனால் அதைக் கணக்கில் வைத்துக் கடன் வாங்காதீர்கள். முன் அனுமதி இல்லை என்ற ஒரே காரணம் போதும், மறுத்துவிடுவார்கள். அடுத்த சைக்கிளுக்கு முறையாக அனுமதி கேளுங்கள். நடந்து முடிந்ததன் காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள், 'சிகிச்சை பலிக்கவில்லை' என்பதற்கு அவையே வலுவான சான்று.

அதே வாசகர்: உறைய வைத்த எம்ப்ரியோ இரண்டு இருக்கிறது. அதை வைக்கும் செலவு?

உத்தரவு பேசுவது ஃப்ரெஷ் சைக்கிள் (புதிதாக முட்டை எடுத்துச் செய்வது) பற்றி. உறைந்த எம்ப்ரியோ வைப்பதை மட்டும் தனி சைக்கிளாகக் கோரினால் தணிக்கையில் நிற்கும். அதற்கு எழுத்தில் தெளிவு கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வில்லிவாக்கம், ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை): எங்களுக்கும் இதே விதியா?

இல்லை. ரயில்வே ஊழியருக்கு சி.எஸ்.(எம்.ஏ.) பொருந்தாது, ரயில்வேக்குத் தனி மருத்துவ விதிகள். உங்கள் ரயில்வே மருத்துவமனையின் மகப்பேறு பிரிவில் தொடங்கி, வெளியே அனுப்பும் ரெஃபரலை எழுத்தில் பெற்ற பிறகே தனியாரிடம் போங்கள்.

அம்பத்தூர், மாநில அரசு: தனியார் பாலிசி எடுத்தால் ஐவிஎஃப் கிடைக்கும் என்று ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா?

பாலிசி ஆவணத்தைத் திறந்து 'எக்ஸ்க்ளூஷன் 17' என்று தேடுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லா நிறுவனத்துக்கும் ஒரே எண் வைத்திருக்கிறது. மலட்டுத்தன்மை, ஐயுஐ, ஐவிஎஃப், இக்ஸி (விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்துவது), வாடகைத்தாய், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையைத் திரும்ப மாற்றும் அறுவை எல்லாம் அதில் விலக்கு. அந்த விலக்கு இருந்தும், வேறொரு பக்கத்தில் 'உதவிக் கருத்தரிப்புப் பயன்' என்று தனி வரி இருந்தால்தான் பணம். சில பாலிசிகளில் இருக்கிறது. அந்த வரியில் நான்கைப் பாருங்கள்: காத்திருப்புக் காலம், பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டு, உச்சத் தொகை, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, ஊசியும் ஸ்கேனும் சேருமா அல்லது முட்டை எடுக்கும் நாள் செலவு மட்டுமா.

பிறகு ஒரு கணக்குப் போடுங்கள். இருவருக்கும் பிரீமியம் ஆண்டுக்கு 25,000 என்றால் மூன்று ஆண்டில் 75,000. கிடைக்கும் உச்சம் ஒரு லட்சம் என்றால் ஐவிஎஃப்-க்காக மட்டும் எடுப்பதில் மிஞ்சுவது சொற்பம், அதுவும் மூன்று வயது கூடிய பிறகு. மற்ற நோய்க்கும் சேர்த்து எடுப்பதாக இருந்தால் சரி. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது, ஏஜென்ட் காட்டும் தொகையில் அது சேர்ந்திருக்கிறதா பாருங்கள்.

ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தால் முன்மொழிவுப் படிவத்தில் மறைக்காதீர்கள். க்ளெய்ம் வரும்போது பழைய ஃபைலைக் கேட்பார்கள். அதில் 'மூன்று ஆண்டாகக் குழந்தையின்மை' என்று மருத்துவர் எழுதிய ஒரு வரி மொத்த பாலிசியையும் ரத்து செய்யும் அளவுக்குப் போகலாம். பாலிசி வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லையென்றால் திருப்பலாம். அந்த நாட்களில் உட்கார்ந்து படியுங்கள்.

சோழிங்கநல்லூர்: நான் மத்திய அரசு. கணவர் ஓ.எம்.ஆரில் ஐடி கம்பெனி. அவர்கள் குரூப் பாலிசி உதவுமா?

உங்களைப் போன்றவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான். குரூப் பாலிசியில் முதலாளி கேட்டால் பல விலக்குகளைத் தளர்த்துவார்கள், காத்திருப்புக் காலமும் பெரும்பாலும் இருக்காது. கம்பெனியின் பயன் விவரத்தில் குழந்தையின்மை சிகிச்சை தனித் தொகையா, பிரசவத் தொகைக்குள் அடங்குமா என்று பாருங்கள். உள்ளே அடங்கினால், அதே பாலிசி ஆண்டில் பிரசவமும் வந்தால் கையைக் கடிக்கும்.

இரண்டு வழியிலும் கோரலாம். முதலில் காப்பீட்டு நிறுவனம். அவர்கள் கொடுத்த தொகைக்கான கடிதமும், சான்றொப்பமிட்ட பில் நகல்களும் வைத்து மீதியை அரசிடம். மொத்தம் செலவைத் தாண்டக்கூடாது, அரசு தருவதும் அதன் வரம்பைத் தாண்டாது.

பெரம்பூர்: கர்ப்பப்பைக் கட்டிக்கு லேப்ராஸ்கோபி. 'குழந்தையின்மை' என்று சொல்லி க்ளெய்மை மறுத்துவிட்டார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் நோய் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? 'ப்ரைமரி இன்ஃபெர்டிலிட்டி' என்று மட்டும் இருந்தால் டிபிஏ அதை எக்ஸ்க்ளூஷன் 17-இல் தள்ளிவிடும். கட்டி இருந்தது, அளவு இவ்வளவு, அதிக உதிரப்போக்கு, ஹீமோகுளோபின் குறைந்தது என்பவை உண்மையாக இருந்தால், அவற்றை ஸ்கேன், பயாப்ஸி ரிப்போர்ட்டோடு மருத்துவரிடம் தனிக் கடிதமாக வாங்கி மறுபரிசீலனைக்கு அனுப்புங்கள். இல்லாத அறிகுறியை எழுதச் சொல்லாதீர்கள், அது மோசடியாகும். கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்படலம் வெளியே வளர்வது) போன்றவற்றுக்குப் பல பாலிசிகளில் இரண்டு ஆண்டுக் காத்திருப்பு உண்டு, அது முடிந்ததா என்பதையும் பாருங்கள்.

போரூர்: ஐவிஎஃப்-க்குப் பின் கரு குழாயில் தங்கிவிட்டது. அவசர ஆபரேஷன். பாலிசியில் பிரசவம் விலக்கு என்கிறார்கள்.

பிரசவ விலக்கு எக்ஸ்க்ளூஷன் 18. அதன் வாசகத்திலேயே குழாய்க் கர்ப்பம் விதிவிலக்காகச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த வரியை மேற்கோள் காட்டி எழுதுங்கள்.

மயிலாப்பூர்: தானமாக முட்டை வாங்கினால் காப்பீடு எடுக்கச் சொல்கிறார்களே?

சட்டப்படி வேண்டியது. முட்டை தருபவர் பெயரில் 12 மாதத்துக்கு நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டும், உங்கள் சிகிச்சைக்கு அதனால் ஒரு பைசாவும் வராது. கிளினிக் லெவல் 2 பதிவு பெற்றதா என்றும் பாருங்கள், லெவல் 1-இல் ஐயுஐ மட்டும்தான் செய்யலாம்.

ஆவடி: இந்தச் செலவுக்கு வருமான வரிச் சலுகை?

காப்பீட்டு பிரீமியத்துக்கு மட்டும் கழிவு உண்டு (1961 வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவு), அதுவும் பழைய வரி முறையில் மட்டும். சிகிச்சைச் செலவுக்கான 80டிடிபி பிரிவின் நோய்ப் பட்டியலில் குழந்தையின்மை இல்லை.

திருவான்மியூர்: தனியார் நிறுவனம் மறுத்துவிட்டது. எங்கே போவது?

முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ, தேனாம்பேட்டை அண்ணா சாலையில் ஃபாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நிறுவனம் மறுத்ததிலிருந்து ஒரு ஆண்டுக்குள் போக வேண்டும். மறுப்புக் கடிதத்தில் எந்த விதி எண்ணைக் காட்டியிருக்கிறார்களோ, அந்த விதிக்கு மட்டும் பதில் எழுதுங்கள். என்.எச்.ஐ.எஸ். மறுப்பு என்றால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவுக்கு, அலுவலகம் வழியாக.