லக்சம்பர்க்கில் பிசினஸ் படிக்க மகளை அனுப்பலாமா?

கேள்வி: "மகள் பி.காம் கடைசி வருடம். லக்சம்பர்க்கில் ஃபைனான்ஸ் முதுகலை படிக்க ஆசைப்படுகிறாள். அங்கே கல்லூரிக் கட்டணம் மிகக் குறைவு, எட்டு லட்சத்தில் மொத்தப் படிப்பையும் முடித்துவிடலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். அனுப்பலாமா?"

அனுப்பலாம். ஆனால் அந்த எட்டு லட்சக் கணக்கை நம்பி அனுப்பாதீர்கள்.

நான் கரூரில் பி.காம் முடித்து, இரண்டு வருடம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்துவிட்டு, 2021 செப்டம்பரில் லக்சம்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். இப்போதும் அந்த நாட்டில்தான் வேலை செய்கிறேன். என் அப்பாவும் உங்களைப் போலத்தான், ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். அந்தத் தாளில் கல்லூரிக் கட்டணம், விமான டிக்கெட், விசா என்று எல்லாம் இருந்தன. வாடகை என்ற வரியில் மட்டும் எங்கள் ஊர் ஹாஸ்டலை மனதில் வைத்து ஒரு தொகை எழுதியிருந்தார். அந்த ஒரு வரிதான் எங்களைக் கடைசிவரை படுத்தியது.

கட்டணம் பற்றி ஏஜென்ட் சொன்னதில் பொய் இல்லை. இது 2003ல்தான் தொடங்கப்பட்ட அரசுப் பல்கலைக்கழகம். என் படிப்புக்கு முதல் இரண்டு செமஸ்டரும் 400 யூரோ வீதம், அடுத்த இரண்டும் 200 யூரோ வீதம் கட்டினேன். ஐரோப்பியப் பிள்ளைகள் கட்டியதும் அதே தொகைதான். ஆனால் எல்லா முதுகலைக்கும் இதே கட்டணம் கிடையாது. சில படிப்புகளுக்குப் பல மடங்கு அதிகம். மகள் சேர நினைக்கும் படிப்பின் பக்கத்தைத் திறந்து நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

சரி, வாடகைக்கு வருகிறேன். லக்சம்பர்க்கின் மொத்தப் பரப்பே 2,586 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் ஏழு லட்சத்துக்கும் குறைவு. அங்கே வேலை செய்பவர்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தினமும் காலையில் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி மூன்றிலிருந்தும் எல்லை தாண்டி வந்து, மாலையில் திரும்பிப் போகிறவர்கள். சம்பளம் லக்சம்பர்க்கில், வீடு பக்கத்து நாட்டில். என் வகுப்பிலும் ஜெர்மன் பிள்ளைகள் ட்ரியரிலிருந்தும், பிரெஞ்சுப் பிள்ளைகள் தியோன்வில்லிலிருந்தும் வந்தார்கள். அவர்கள் கொடுத்த வாடகையைக் கேட்டுவிட்டு நானும் ட்ரியரில் அறை தேட ஆரம்பித்தேன். ஒரு சீனியர் அக்கா நல்ல நேரத்தில் தடுத்தார். நம் மாணவர் அனுமதி லக்சம்பர்க்கில் குடியிருப்பதற்கு மட்டும்தான். ஜெர்மனிக்கோ பிரான்ஸுக்கோ சுற்றிப் பார்க்கப் போகலாம், கடைக்குப் போகலாம், குடியிருக்க முடியாது. அதற்கு அந்த நாட்டின் அனுமதி தனியாக வேண்டும். ஐரோப்பியர்கள் வாடகைக்குத் தப்பிக்கும் அந்த வழி நமக்கு இல்லை. இதை என் ஏஜென்ட் எனக்குச் சொல்லவே இல்லை. உங்களுடையவர் சொன்னாரா என்று கேட்டுப் பாருங்கள்.

பல்கலைக்கழக விடுதியில் எனக்கு உடனே இடம் கிடைக்கவில்லை. இணையத்தில் பார்த்து, தலைநகரின் பொன்வுவா பகுதியில் ஒரு வீட்டில் ஓர் அறையை 780 யூரோவுக்குப் பேசி, முதல் மாத வாடகையை ஊரிலிருந்தே அனுப்பினேன். பெட்டியோடு போய் நின்ற பிறகுதான் வீட்டுக்காரர் சொன்னார்: "தங்கிக்கொள், ஆனால் இந்த முகவரியில் பதிவு செய்யக் கூடாது." நமக்கு அது உயிர்நாடியான விஷயம். வந்து இறங்கி மூன்று வேலை நாட்களுக்குள் அந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில், அதாவது கொம்யூனில், வருகையைப் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகு மருத்துவப் பரிசோதனை, காசநோய் சோதனை, அப்புறம் மூன்று மாதத்துக்குள் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பம். எல்லாமே அந்த முகவரியிலிருந்துதான் தொடங்குகின்றன. முகவரி இல்லாத அறை, அறையே இல்லை. கொடுத்த பணம் திரும்ப வரவில்லை. 11 நாள் இளைஞர் விடுதியில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் கிடந்தேன். அம்மாவிடம் போனில் நன்றாக இருக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

பன்னிரண்டாவது நாள் யாரோ ஒருவர் விலகியதால் பெல்வாலில் பல்கலைக்கழக விடுதி அறை கிடைத்தது. மாதம் 560 யூரோ. ஆகவே மகளுக்குச் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றைக்கே விடுதிக்கு விண்ணப்பம் போகட்டும், டிக்கெட்டெல்லாம் அதற்குப் பிறகு. வெளியே அறை பார்த்தால் முதல் கேள்வி, "இங்கே பதிவு செய்யலாமா?" அந்தப் பதிலை எழுத்தில் வாங்காமல் ஒரு யூரோகூட அனுப்ப வேண்டாம். நான் போன காலத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகை வரை கேட்டார்கள். 2024 ஆகஸ்டிலிருந்து சட்டப்படி இரண்டு மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது.

பெல்வால் எனக்கு மிகவும் பிடித்த இடம், அதனால் கொஞ்சம் சொல்கிறேன். அது பழைய இரும்பாலை. கடைசி ஊதுலை 1997ல் நின்றது. அந்த ராட்சத உலைகளை இடிக்காமல் அப்படியே நிற்க வைத்து, சுற்றிலும் பல்கலைக்கழகத்தைக் கட்டியிருக்கிறார்கள். இந்த நாட்டுக்குச் சோறு போட்டது முதலில் இரும்புதான். 1970களில் அந்தத் தொழில் சரிந்தபோது நிதித் தொழிலுக்கு மாறினார்கள். ஒரு நாட்டில் பதிவான முதலீட்டு நிதியை, அதாவது நம் ஊர் மியூச்சுவல் ஃபண்ட் மாதிரியானதை, ஐரோப்பா முழுக்க விற்கலாம் என்ற விதி 1985ல் வந்தது. அதை 1988ல் முதலில் தன் சட்டமாக்கிக்கொண்ட நாடு லக்சம்பர்க். இன்றைக்கு முதலீட்டு நிதிகளில் அமெரிக்காவுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். பழைய இரும்புக் கம்பெனியான ஆர்பெட்டின் தலைமையகம் அரண்மனை மாதிரி இருக்கும். இப்போது அது ஒரு வங்கியின் கையில் இருக்கிறது. பாடப் புத்தகத்தில் பத்து அத்தியாயம் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியதை, விடுதியிலிருந்து வகுப்புக்குப் போகிற வழியில் ஜன்னலோரம் பார்த்தேன்.

அந்தப் பயணத்துக்குக் காசு கிடையாது. 2020லிருந்து நாடு முழுக்கப் பஸ், ரயில், ட்ராம் எல்லாருக்கும் இலவசம். ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும்தான் டிக்கெட். பொருளாதாரம், நிதி வகுப்புகள் தலைநகரின் கிர்ஷ்பெர்க் மேட்டில் நடக்கும். பெல்வாலிலிருந்து ரயில், அப்புறம் ட்ராம் என்று தினமும் போய் வந்தேன். அரிசி, பருப்பு தவிர மற்ற மளிகையை மாதம் ஒருமுறை ட்ரியருக்குப் போய் வாங்கி வருவோம். அறை, சாப்பாடு, போன், மற்றதெல்லாம் சேர்த்து மாதம் ஏறக்குறைய 1,000 யூரோ ஆனது. இரண்டு வருடத்துக்கு நம் பணத்தில் 20 லட்சத்தைத் தாண்டியது. அதன் பிறகு யூரோவும் ஏறிவிட்டது, வாடகையும் ஏறிவிட்டது.

பகுதிநேர வேலை செய்து சமாளிக்கலாம் என்றும் ஏஜென்ட் சொல்லியிருப்பார். படிக்கும் காலத்தில் வாரத்துக்குச் சராசரியாக 15 மணி நேரம் வேலை செய்யலாம். சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இங்கேதான் அதிகம், இப்போது மணிக்கு 15 யூரோவுக்கும் மேல். கணக்குப் பார்த்தால் வாடகைக்கு மேலேயே வரும். ஆனால் அந்த வேலை கிடைக்க வேண்டுமே. கடையிலோ உணவகத்திலோ வாடிக்கையாளர் முன்னால் நிற்கிற வேலைக்கு பிரெஞ்சு வேண்டும். எனக்குத் தெரிந்தது ஆங்கிலம் மட்டும். ஏழு மாதம் தேடிய பிறகு ஓர் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. அங்கே எல்லாரும் போர்த்துகீசியர்கள். தங்களுக்குள் போர்த்துகீசியத்திலும் என்னிடம் பிரெஞ்சிலும் பேசினார்கள். அந்தச் சமையலறையில்தான் நான் பிரெஞ்சு பேசவே ஆரம்பித்தேன். அங்கே இருந்த ஓர் அம்மா நான் தப்பாகச் சொன்னதையெல்லாம் பொறுமையாகத் திருத்துவார். அவரை இன்றும் பண்டிகைக்குப் பண்டிகை போய்ப் பார்க்கிறேன்.

வகுப்பு ஆங்கிலத்தில்தானே, பிரெஞ்சு எதற்கு என்று மகள் கேட்கக்கூடும். நானும் கேட்டேன். முதலீட்டு நிதி நிர்வாகம் செய்யும் பெரிய நிறுவனங்களில் ஆங்கிலத்தை வைத்துக் காலம் தள்ளலாம், என் வேலையும் அந்த வகைதான். நிதியின் அன்றாட மதிப்பைக் கணக்கிடுவது, முதலீட்டாளரின் ஆவணங்களைச் சரிபார்ப்பது போன்ற வேலைகள். ஆனால் உள்ளூர்க் கம்பெனிகளின் கணக்கு, தணிக்கை, வரி என்று போனால் பிரெஞ்சு இல்லாமல் கதவு திறக்காது. நாட்டின் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்படுகிறது. அதோடு, படிப்பு முடிந்து வேலை தேடக் கிடைக்கும் அனுமதி ஒன்பது மாதம்தான். என்னோடு படித்தவர்களில் மதிப்பெண்ணில் என்னைவிட மேலே இருந்த இரண்டு பேர் அந்த ஒன்பது மாதம் முடிந்து ஊர் திரும்பினார்கள். ஒருவர் வீட்டில் நிலத்தை அடமானம் வைத்திருந்தார்கள். அதை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகவே உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். 25 லட்சத்துக்குக் குறையாமல் கணக்குப் போட்டு, அதில் பகுதிநேரச் சம்பளம் ஒரு ரூபாய்கூட வராது என்று வைத்துக்கொண்டு, குடும்பம் தாங்குமா என்று முதலில் பார்ப்பேன். தாங்கும் என்றால் மகளை இந்த வாரமே பிரெஞ்சு வகுப்பில் சேர்ப்பேன். சென்னையிலும் கோவையிலும் வகுப்புகள் உண்டு, இணையத்திலும் உண்டு. விண்ணப்பம் போடுவதற்குள் ஆறு மாதம் படித்திருந்தால், நான் ஏழு மாதம் அலைந்த அலைச்சல் அவளுக்கு மிச்சம்.

தாங்காது என்றால், ஓரிரு வருடம் நம் நாட்டிலேயே வேலை பார்க்கட்டும். சென்னையிலும் பெங்களூரிலும் உலக நிதி நிறுவனங்களின் அலுவலகங்கள் இருக்கின்றன. அந்த அனுபவத்தோடு வந்தால் வேலை தேடும்போதும் மதிப்பு. என் ஆடிட்டர் அலுவலக இரண்டு வருடத்தைத்தான் நேர்முகத் தேர்வில் முக்கால்வாசி நேரம் கேட்டார்கள்.

அறை வாடகை ஒப்பந்தம் ஏதாவது கையில் வந்தால், கையெழுத்துப் போடும் முன் தளத்தின் தனிச்செய்தியில் எனக்கு அனுப்புங்கள். படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.