தொட்டா தெரியுது, சுட்டா தெரியல!

கேள்வி: டாக்டர், நாங்க ஏற்காடு. என் வீட்டுக்காரர் 9 வருஷம் முன்னாடி எஸ்டேட்ல மிளகு பறிக்க ஏறுனப்ப சில்வர் ஓக் மரத்துலருந்து விழுந்துட்டாரு, நடுமுதுகுக்கு கீழ எலும்பு ஒடஞ்சு பிளேட் வெச்சாங்க, அதுலருந்து வீல்சேர்தான். மத்தபடி பொட்டிக்கடைய பாத்துக்கிட்டு நல்லாத்தான் இருந்தாரு. இப்ப ரெண்டு மாசமா இடது கையில சூடான காப்பி டம்ளர புடிச்சா சுடுறதே தெரியல, கொப்புளம் வந்தப்புறம்தான் பாக்குறோம். இருமினா கழுத்துலருந்து தோள் வரைக்கும் சுரீர்னு இழுக்குதாம். மெடிக்கல்ல நரம்பு சத்து மாத்திரை குடுத்தாங்க. பழைய அடிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

பதில்: இருக்கலாம்மா, அத பாத்துட்டுதான் மத்தத யோசிக்கணும். அடிபட்ட எடத்துல உள்ளுக்குள்ள தழும்பு கட்டி, தண்டுவடத்த சுத்தி ஓடுற திரவத்துக்கு வழி அடைபட்டா, அது தண்டுவடத்துக்குள்ளயே தேங்கி நீளமா குழாய் மாதிரி ஒரு பை ஆயிடும், சிரிங்கோமைலியான்னு பேரு. சிலருக்கு சில மாசத்துலயே வரும், சிலருக்கு 20 வருஷம் கழிச்சும் வரும், அடி கீழ பட்டிருந்தாலும் பை மேல கழுத்து வரைக்கும் ஏறலாம். வலியையும் சூட்டையும் சொல்ற நரம்பு இழைங்க தண்டுவடத்து நடுவுல குறுக்க போறதால மொதல்ல அதுங்கதான் நசுங்கும், தொடு உணர்வு வேற பாதை, அது அப்படியே இருக்கும். அதான் டம்ளர் கையில இருக்கறது தெரியுது, சுடுறது தெரியல. இருமுனா உள்ள அழுத்தம் ஏறும், வலி இழுக்கும்.

வீல்சேர் தள்ளி தள்ளி மணிக்கட்டு நரம்பு நசுங்கினாலும் மரத்துப்போகும்தான், ஆனா அது விரலோட நிக்கும், இருமலுக்கு கழுத்து இழுக்காது. சத்து மாத்திரை நம்ம ஊர்ல எதுக்குதான் குடுக்கல, விடுங்க.

பழைய டிஸ்சார்ஜ் சம்மரிய எடுத்துக்கிட்டு சேலம் பெரியாஸ்பத்திரி நரம்பியல் அறுவை சிகிச்சை பிரிவுக்கு இந்த வாரமே போங்க. இடுப்பு மட்டும் இல்ல, கழுத்துலருந்து முழு முதுகுக்கும் எம்ஆர்ஐ வேணும்னு கேளுங்க, பிளேட் இருக்கறத ஸ்கேனுக்கு முன்னாடியே சொல்லிடணும். பை பெருசாகிட்டே போனா தழும்ப விடுவிச்சோ, சின்ன குழாய் வெச்சு நீர வடிச்சோ ஆபரேஷன் பண்ணுவாங்க. போன உணர்வு திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன், மேல பரவாம நிறுத்தறதுதான் நோக்கம், அதனாலதான் தள்ளிப்போடாதீங்கன்றேன்.

அதுவரைக்கும் முக்கி வெளிக்கி போக விடாதீங்க, மலச்சிக்கல் இருந்தா மருந்து கேட்டு வாங்குங்க, வெயிட் தூக்க வேணாம், காப்பிய நீங்க தொட்டு பாத்து ஆறினப்புறம் குடுங்க. கை பிடி தளர்ந்தாலோ, முழுங்க கஷ்டப்பட்டாலோ, குரல் மாறினாலோ, மூச்சு வாங்கினாலோ ஓபி நாள் பாக்காம 108-க்கு போன் பண்ணுங்க, 20 கொண்டை ஊசி வளைவு எறங்கணும் இல்லையா.