ஐரோப்பியத் தரை அணில்: சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இந்த அணில் மரம் ஏறாதா?

பதில்: ஏறாது. செக் குடியரசிலிருந்து கிரேக்கம் வரையிலான புல்வெளிகளில் வளை தோண்டி வாழ்கிறது. ஏறத்தாழ 20 செ.மீ. நீள உடல், குட்டை வால், மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனி வளை உண்டு.

கேள்வி: சட்டப் பாதுகாப்பு இருந்தும் ஏன் குறைந்து வருகிறது?

பதில்: முதன்மையான காரணம், புல் உயர்ந்துவிடுவதுதான். பகலில் மேயும் இவ்வணில் அடிக்கடி பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று நாற்புறமும் நோட்டமிடும். பருந்தோ நரியோ கண்ணில் பட்டால் கூர்மையாகச் சீழ்க்கையடிக்க, மற்றவை வளைக்குள் பாய்ந்துவிடும். ஆடுமாடுகள் மேய்ந்து கட்டையாக வைத்திருந்த புல்வெளிகளில் மேய்ச்சல் நின்றதும் புல் தலைக்கு மேல் வளர்ந்து பார்வையை மறைத்துவிடுகிறது. மீதி நிலத்தை உழவு விழுங்கியது. 2020இல் இது அழியும் ஆபத்திலுள்ள இனமாக உலகச் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வேலி போட்டு மேய்ச்சலைத் தடுப்பதைப் பாதுகாப்பு என்று கருதுவோர் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

கேள்வி: விமானத் தளங்களில் இவை காணப்படுவது உண்மையா?

பதில்: உண்மை. அங்கே புல்லைத் தவறாமல் வெட்டுகிறார்கள், அதுவே போதும்.

கேள்வி: குளிர்காலத்தை எப்படிக் கழிக்கிறது?

பதில்: கோடையில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, இலையுதிர்காலத்தில் வளையின் வாயை மண்ணால் அடைத்துவிட்டு, உள்ளே மூக்கை வயிற்றோடு சேர்த்துப் பந்துபோல் சுருண்டு படுக்கிறது. உடல் வெப்பம் சுற்றியுள்ள மண்ணின் வெப்பத்துக்கு அருகில் இறங்கிவிடும். இடையிடையே விழித்து உடலைச் சூடாக்கிக்கொண்டு மீண்டும் உறங்கும். வசந்தத்தில் ஆண்கள் முதலிலும் பெண்கள் பின்னரும் மேலே வருகின்றன. பெண் ஆண்டுக்கு ஒரே முறைதான் ஈனும். ஆகவே ஒரு மோசமான வசந்தம் போனால் அந்த ஆண்டே போனதுபோல்தான்.

கேள்வி: அழிந்த இடத்தில் மறுபடி கொண்டுபோய் விட்டால் நிலைக்குமா?

பதில்: நிலைக்கும், ஆனால் வெறுமனே திறந்துவிட்டால் சிதறி ஓடிவிடும். அதனால் தரையில் முன்கூட்டியே சாய்வாகத் துளையிட்டு, ஒவ்வோர் அணிலையும் ஒரு துளையில் விட்டு, வாயைத் தற்காலிகமாக அடைக்கிறார்கள். அது உள்ளிருந்து தோண்டி வெளியே வரும்போது அந்த இடம் அதற்கு வீடாகிவிடுகிறது. போலந்தில் முற்றிலும் அழிந்திருந்த இவ்வணிலை 2005 முதல் காமியன் ஷ்லாஸ்கி என்னும் ஊரின் விமானத் தளப் புல்வெளியில் மீண்டும் குடியேற்றினார்கள். விட்ட பிறகும் அங்கே புல்லை ஆண்டுதோறும் கட்டையாகவே வைத்திருக்க வேண்டும்.